செட்டிநாட்டு வீட்டு விடுதிக்கு வெளிநாட்டுப் பணம்: இரண்டில் எந்த வழி?

கானாடுகாத்தானில் பங்காளிகளின் பொது வீட்டைக் குத்தகைக்கு எடுத்து, விருந்தினர் விடுதி நடத்த ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனி தொடங்கினோம். சிங்கப்பூர்க் குடிமகனான என் தம்பி 40 லட்சம் ரூபாய் போட்டான். இந்திய வம்சாவளியில் வந்த வெளிநாட்டுக் குடிமக்களுக்கு அரசு தரும் ஓசிஐ அட்டை வைத்திருக்கிறான். 2019 அக்டோபரில் வந்த ஃபெமா (அந்நியச் செலாவணிச் சட்டம்) விதிகள் அவனைப் போன்றவர்களுக்கு இரண்டு வழி தருகின்றன. ஒன்று, விற்ற பணத்தை அப்படியே வெளிநாடு கொண்டுபோகும் அந்நிய நேரடி முதலீடு. மற்றது, அந்த உரிமை இல்லாமல், 'திரும்பப்பெறா அடிப்படையில்' போடுவது. அந்த விதிகளின் நான்காம் அட்டவணை இதை உள்நாட்டு முதலீடாகவே கருதுகிறது. நாங்கள் இரண்டாவதை எடுத்தோம். இங்குள்ள குடும்பத் தொழில்களுக்கு அதுதான் சரி என்பேன்.

விடுதித் தொழிலுக்கு இரண்டிலும் அரசின் முன் அனுமதி வேண்டாம். டிவிடெண்டும் (லாபப் பங்கு) வரி போக இரண்டிலும் வெளியே போகும்.

வேறுபாடு அப்புறம் வரும் பராமரிப்பில்தான். முதல் வழியில் பணம் வந்த 60 நாளுக்குள் பங்கு ஒதுக்க வேண்டும். ஒதுக்கிய 30 நாளுக்குள் ரிசர்வ் வங்கிக்கு, பங்கு ஒதுக்கியதைத் தெரிவிக்கும் எஃப்சி-ஜிபிஆர் படிவம். பங்கு விலை, மதிப்பீட்டுச் சான்றில் உள்ளதற்குக் குறையக் கூடாது. ஆண்டுதோறும் ஜூலை 15-க்குள், கம்பெனியின் வெளிநாட்டுச் சொத்து, பொறுப்புகளைச் சொல்லும் எஃப்எல்ஏ அறிக்கை. தாமதக் கட்டணம் பெரிதல்ல. 40 லட்சத்துக்கு எஃப்சி-ஜிபிஆர் ஓராண்டு தாமதமானால் 8,500 ரூபாய்தான். அலைச்சல்தான் பெரிது. இந்த வழியில் போன உறவினர் ஒருவருக்கு, பாஸ்போர்ட்டில் முழுப் பெயர், இங்குள்ள ஆவணங்களில் 'பழ. ராம.' என்ற இனிஷியல். அனுப்பிய வங்கி தரும் கேஒய்சி (அடையாளச் சரிபார்ப்பு) அறிக்கை பொருந்தவில்லை என்று படிவம் திரும்பி வந்தது. நகரத்தார் வீடுகளில் இந்தச் சிக்கல் யாருக்கும் வரலாம்.

அதைவிட முக்கியம், பங்கு கைமாறுவது. பங்காளிகளுக்குள் ஒருவர் விலகுவார், இன்னொருவர் வாங்குவார். முதல் வழியில், உள்நாட்டவரோடு நடக்கும் ஒவ்வொரு விற்பனைக்கும் 60 நாளுக்குள், பங்கு கைமாறியதைத் தெரிவிக்கும் எஃப்சி-டிஆர்எஸ் படிவமும் விலைக் கட்டுப்பாடும் உண்டு. இரண்டாவது வழியில் தம்பி என்னிடம் விற்றால் அந்தப் படிவம் இல்லை. வருடக்கணக்கில் நடக்கப்போகும் குடும்பக் கம்பெனிக்கு இந்த நிம்மதி பெரிது.

2024 ஆகஸ்ட் திருத்தம் இன்னொரு கதவையும் திறந்தது. என்ஆர்ஐ-க்கு (வெளிநாட்டில் வாழும் இந்தியக் குடிமகன்) சொந்தமான இந்தியக் கம்பெனி இப்படித் திரும்பப்பெறா அடிப்படையில் வந்த பணத்தை வேறொரு கம்பெனியில் போட்டால், அது மறைமுக அந்நிய முதலீடு ஆகாது என்ற சலுகை முன்பே இருந்தது. இப்போது ஓசிஐ-க்கும் அதே சலுகை. ஆத்தங்குடிக் கல் பட்டறை ஒன்றில் பின்னால் பங்கு எடுக்கலாம் என்ற யோசனை எங்களுக்கு இருந்ததால் இது மனதுக்குத் தெம்பாக இருந்தது.

குறை உண்டு. விற்ற பணம், வெளிநாட்டில் வாழ்பவர் இங்கே வைத்திருக்கும் ரூபாய்க் கணக்கான என்ஆர்ஓ கணக்குக்குத்தான் போகும். அங்கிருந்து வரி கட்டி, ஆடிட்டர் சான்றோடு, ஒரு நிதியாண்டில் 10 லட்சம் டாலர் வரை அனுப்பலாம். எங்கள் தொகைக்கு அந்த வரம்பு தாராளம். ஆனால் நாங்கள் இன்னும் எதையும் விற்கவில்லை. வங்கியில் அது எவ்வளவு சுலபமாக நடக்கும் என்று அனுபவத்தில் சொல்ல முடியாது. பல கோடி போட்டு, சில வருடத்தில் விற்று மொத்தமாக எடுக்க நினைப்பவர் முதல் வழியில் போவதே நல்லது. ஓசிஐ, என்ஆர்ஐ அல்லாத வெளிநாட்டு நண்பர் பணம் போட்டாலும் அதே வழிதான்.

பணம் வருமுன்பே எந்த அடிப்படை என்பதைப் பங்கு விண்ணப்பத்திலும் போர்டு தீர்மானத்திலும் எழுதிவிடுங்கள். எங்கள் வங்கியில் முதலில் கேட்டது அந்தத் தாளைத்தான்.