ஏஐ ஏஜென்ட்டுக்கு யூஸ்டு கார் தேடித் தரும் டூல்: அந்த 'விலை' மட்டும் சரியில்லை

டெக்சஸின் ரிச்சர்ட்சனில் படிக்க வந்திருக்கும் தம்பி ஒருவர், "அண்ணா, நீங்க வெச்சிருக்கிற அந்த யூஸ்டு கார் தேடுற டூலுக்கு நானும் காசு கட்டலாமா?" என்று கேட்டிருந்தார். போன மாதம் கேட்டிருந்தால் யோசிக்காமல் கட்டச் சொல்லியிருப்பேன். இந்த வாரம் அப்படிச் சொல்ல வாய் வரவில்லை.

நமக்காக வேலை செய்யும் ஏஐ ஏஜென்ட், அதை வெளி டூல்களோடு இணைக்கும் எம்சிபி எல்லாம் ஏற்கெனவே பழகியவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். டூலின் பெயரைச் சொல்லப்போவதில்லை. இதே வகையில் நான் தொட்டுப் பார்த்த மற்றவையும் இதே இடத்தில்தான் இடறுகின்றன.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு லிஸ்டிங்கோடும் 17 இடங்கள் கொண்ட வின் எண் (ஒவ்வொரு வண்டிக்கும் உரிய தனி அடையாள எண்) முழுதாக வந்துவிடுகிறது. இதன் அருமை ஏஜென்ட் கையில் கொடுத்த பிறகுதான் தெரிந்தது. வின் எண்ணைப் பிரித்துச் சொல்லும் சேவையை அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு அமைப்பான என்ஹெச்டிஎஸ்ஏ இலவசமாகவே தருகிறது. ஏஜென்ட் அங்கே போய் என்ஜின், டிரிம் (மாடலின் எந்த வகை) எல்லாம் எடுத்துவந்து, டீலர் எழுதியதோடு வைத்துப் பார்க்கிறது. நான்கு சக்கரமும் இழுக்கும் ஆல் வீல் டிரைவ் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்த ஒரு 2019 ஹோண்டா சிஆர்-வியின் வின்னில் 'ஆர்டபிள்யூ1' இருந்தது. அந்தத் தலைமுறையில் அது ஃப்ரண்ட் வீல்; அதே என்ஜினோடு ஆல் வீல் என்றால் 'ஆர்டபிள்யூ2' இருக்க வேண்டும். நானாகத் தேடியிருந்தால் இது கண்ணில் பட்டிருக்காது.

ரீகாலுக்கும், அதாவது குறையுள்ள பாகத்தை இலவசமாகச் சரிசெய்துதர கம்பெனி வண்டியைத் திரும்ப அழைப்பதற்கும், அந்த எண்தான் துணை. ரீகால் பாக்கியோடு புதுக் காரை டீலர் விற்கக் கூடாது. பெரிய வாடகைக் கார் நிறுவனங்களுக்கும் 2016 முதல் தடை உண்டு. யூஸ்டு காருக்கு மட்டும் அப்படி ஒரு கூட்டாட்சிச் சட்டம் இல்லை. வெடித்துச் சிதறும் ஆபத்துள்ள டகாட்டா நிறுவன ஏர்பேக்கை மாற்றாத காரையும் தாராளமாக லாட்டில் (டீலரின் வண்டி நிறுத்துமிடத்தில்) நிறுத்தி விற்கலாம். வின் கையில் இருந்தால் என்ஹெச்டிஎஸ்ஏ தளத்தில் போட்டு, வண்டியைப் பார்க்கக் கிளம்புவதற்கு முன்பே தெரிந்துகொள்ளலாம். படிக்கிற பிள்ளைகள் நான்கு பேர் சேர்ந்து வாங்கும் பழைய கொரோலாவுக்கு இதைவிட முக்கியமான சோதனை வேறு இல்லை என்பேன்.

விற்றுப்போன வண்டிகள் இன்னும் பட்டியலில் வருகின்றன. அது எல்லாரிடமும் உள்ள குறை, பொறுத்துக்கொள்ளலாம்.

என்னால் பொறுக்க முடியாதது விலை. டூல் திருப்பித் தருவது ஒரே ஒரு எண், அதுவும் டீலர் விளம்பரத்தில் போட்ட எண். "நாற்பதாயிரம் மைலுக்குள் ஓடிய சிஆர்-வி, விலை ஏறுவரிசையில்" என்று கேட்டால் ஏஜென்ட் அந்த எண்ணை நம்பித்தான் வரிசைப்படுத்தும். இந்த வாரம் முதலிடத்தில் வந்தது 18,990 டாலர் வண்டி. டீலரிடம் எழுதிக் கேட்டபோது டாக் ஃபீ (ஆவண வேலைக்கான கட்டணம்) 999, ஏற்கெனவே மாட்டிவிட்டதால் கழற்ற முடியாத 'புரொடெக்‌ஷன் பேக்கேஜ்' 1,995, எங்களிடம் கடன் வாங்காவிட்டால் இன்னும் 1,500 என்று பதில் வந்தது. வரிக்கு முன்பே 23,484. ஐந்தாம் இடத்தில் இருந்த இன்னொரு டீலர் 21,800 போட்டிருந்தார். அவர் மேலே சேர்த்தது டாக் ஃபீ 225 மட்டும். ஒளிவுமறைவில்லாமல் விலை போட்டவர் கீழே, தூண்டில் போட்டவர் மேலே. ஆயிரக்கணக்கான ஏஜென்ட்டுகள் இப்படி வரிசைப்படுத்தத் தொடங்கினால் நேர்மையாக விலை போடும் டீலர் என்ன செய்வார்? அவரும் தூண்டிலைத்தான் கையில் எடுப்பார்.

எனக்குக் கோபம் வந்தது இதற்குப் பிறகுதான். டூல் ஏஜென்ட்டுக்கு அனுப்பிய மூல ஜேசன் தரவைத் திறந்து பார்த்தேன். டீலர் எழுதிய விவரக்குறிப்பு பாதியில் வெட்டப்பட்டிருந்தது. கடன் வாங்கினால்தான் இந்த விலை என்ற வரி டீலரின் பக்கத்தில் கடைசிப் பத்தியில் இருக்கிறது. இங்கே அது வந்து சேரவே இல்லை. டூல் நடத்துபவர்களிடம் கேட்டதற்கு, டோக்கன் செலவை (ஏஐ படிக்கும் எழுத்தின் அளவுக்கு ஆகும் செலவை) குறைக்க வெட்டுகிறோம் என்றார்கள். டோக்கன் செலவாகும் என்பது எனக்கும் தெரியும். நிறத்தையும் சீட் துணியையும் நாலு விதமாக அனுப்ப இடம் இருக்கிறது, விலையின் நிபந்தனைக்கு இல்லையா?

வெளிமாநிலத்தில் தேடினால் இன்னும் மோசம். டாக் ஃபீக்குக் கலிஃபோர்னியாவில் 85 டாலர், நியூயார்க்கில் 175 டாலர் உச்சவரம்பு. ஃப்ளோரிடாவில் வரம்பே இல்லை, ஆயிரத்தை ஒட்டிப் போடுகிறார்கள். வண்டியை எங்கே வாங்கினாலும் டெக்சஸில் பதிவு செய்யும்போது 6.25 சதவீத வரிக் கணக்கு இருக்கத்தான் போகிறது. ஆக, விலையில் வித்தியாசம் காட்டுவது டீலர் ஏற்றும் இந்தக் கட்டணங்கள்தான். மாநிலம் எது என்பது டூலுக்குத் தெரியும். குறைந்தபட்சம் ஓர் எச்சரிக்கை வரியாவது சேர்த்து அனுப்பலாம்.

அரசு பார்த்துக்கொள்ளும் என்று காத்திருக்கவும் முடியாது. முழு விலையை முதலிலேயே சொல்ல வேண்டும் என்று அமெரிக்க வர்த்தக ஆணையமான எஃப்டிசி 2023 டிசம்பரில் கொண்டுவந்த கார்ஸ் விதியை, 2025 ஜனவரியில் ஐந்தாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. அந்த வட்டாரத்தில்தான் டெக்சஸும் இருக்கிறது.

தம்பிக்கு என் பதில்: இப்போதைக்குக் கட்ட வேண்டாம். வின் விஷயத்தில் இவ்வளவு கெட்டிக்கார டூல், காசு விஷயத்தில் வாங்குபவன் பக்கம் நிற்கவில்லை. என் சந்தாவை நான் இன்னும் நிறுத்தவில்லை. மைத்துனருக்கு ஒரு டொயோட்டா சியன்னா வேன் பார்க்க வேண்டும், வின்னைத் தரும் வேறு வழி என்னிடம் இல்லை.

மீறிக் கட்டுவதாக இருந்தால் ஏஜென்ட்டுக்கு இரண்டு கட்டளை போட்டு வையுங்கள். விலைப்படி வரிசைப்படுத்தாதே, லாட்டில் அதிக நாள் நிற்கும் வண்டியை முதலில் காட்டு. அந்த நாள் கணக்கு டூலில் இருக்கிறது, பேரம் பேசவும் உதவும். அடுத்து, பட்டியலில் வரும் ஒவ்வொரு டீலருக்கும், கடன் இல்லாமல், எல்லாக் கட்டணமும் சேர்த்து அவுட் தி டோர் விலை எவ்வளவு என்று ஒரு மின்னஞ்சல் தயார் செய்யச் சொல்லுங்கள். எழுத்தில் பதில் தராத டீலரின் லாட்டுக்குப் போகாதீர்கள்.