அப்டேட்டுக்குப் பிறகு வாட்ச் சார்ஜ் நிற்கவில்லையா? கழற்றக் கொடுப்பதற்கு முன் படியுங்கள்

ஸ்போர்ட்ஸ் வாட்ச் கட்டி ஓடுகிறவர்கள், அதிலும் அப்டேட் போட்டதிலிருந்து சார்ஜ் நிற்கவில்லை என்று கவலையில் இருப்பவர்கள், எந்தக் கடையிலும் வாட்சைக் கழற்றக் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். சென்னையில் ஒரு சர்வீஸ் கடை என்னிடம் 4,800 ரூபாய் வாங்கிக்கொண்டு, பழுதே இல்லாத வாட்சைப் பிரித்துப் பாழாக்கிக் கொடுத்திருக்கிறது. புகார் நடந்துகொண்டிருப்பதால் கடையின் பெயரை இங்கே எழுதவில்லை.

தினமும் காலையில் ஓடினாலும் என் வாட்ச் கிட்டத்தட்ட ஒரு வாரம் தாங்கும். ஃபர்ம்வேர் (வாட்சை உள்ளிருந்து இயக்கும் மென்பொருள்) அப்டேட் ஏறிய பிறகு இரண்டு நாள்கூட வரவில்லை. கூடவே இன்னொரு தொல்லை: பெசன்ட் நகர் கடற்கரையில் பேசிக்கொண்டே மெதுவாக ஓடும்போதுகூட இதயத்துடிப்பு 175 என்று காட்டியது. வாசலில் கம்பெனி லோகோவும் 'அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ்' என்ற போர்டும் இருந்ததால் அந்தக் கடைக்குப் போனேன். கவுண்டரில் இருந்தவர் வாட்சை உள்ளே எடுத்துப் போய்விட்டுக் கொஞ்ச நேரத்தில் வந்து, "பேட்டரி உப்பியிருக்கு மேடம், இப்படியே விட்டா கண்ணாடியைத் தூக்கிடும், வெடிச்சாலும் வெடிக்கும்" என்றார். வெடிக்கும் என்று சொன்னால் யார்தான் மறுப்பார்கள்? சென்சாரும் போய்விட்டது, அதைத் தனியாகப் பார்க்கலாம் என்றார். பேட்டரியை மட்டும் மாற்றச் சொன்னேன். வாங்க வந்தபோது பழைய பேட்டரியைக் கேட்டதற்கு, "அதெல்லாம் அப்பவே ஸ்கிராப்ல போட்டாச்சு" என்று பதில்.

வாட்சைத் திருப்பிப் பார்த்தால், பின்பக்கக் கண்ணாடியின் ஓரத்தில் நெம்பிய கீறல், அதன் மேல் காய்ந்து போன பசை. சரி, சார்ஜாவது நிற்கட்டும் என்று வீட்டுக்கு வந்தால் அதே கதை, இரண்டே நாளில் காலி.

உண்மையில் என்ன நடந்திருந்தது என்பதைக் கண்டுபிடித்தவர் என்னோடு ஓடும் ஒரு அண்ணா. செட்டிங்ஸை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். ரத்த ஆக்சிஜன் அளவு 'நாள் முழுவதும்' என்று ஆன் ஆகியிருந்தது, ஜிபிஎஸ் 'மல்டி பேண்ட்' என்று மாறியிருந்தது, திரையும் எப்போதும் எரியும்படி இருந்தது. இதில் எதையும் நான் தொட்டதில்லை, அப்டேட் மாற்றி வைத்தது. ஆக்சிஜன் பார்க்க வாட்ச் சிவப்பு, அகச்சிவப்பு விளக்குகளைத் திரும்பத் திரும்ப எரிக்க வேண்டும். மலையேறுகிறவர்களுக்கு அது பயன்படும், கடல் மட்டத்தில் ஓடுகிற எனக்கு நாள் முழுக்க எதற்கு? மல்டி பேண்ட் என்றால் செயற்கைக்கோள்களின் எல்1 அலைவரிசையோடு எல்5 அலைவரிசையையும் சேர்த்துப் பிடிப்பது. உயரக் கட்டடங்களுக்கு நடுவிலும் மேம்பாலத்துக்குக் கீழும் பாதையைத் துல்லியமாக்கும், ஆனால் சார்ஜை உறிஞ்சும். திறந்த கடற்கரையில் சாதாரண ஜிபிஎஸ்ஸே தாராளம். மூன்றையும் மாற்றி, ஒருமுறை முழுதாக அணைத்துப் போட்டோம். சார்ஜ் பழையபடி நிற்க ஆரம்பித்துவிட்டது!

இதோடு இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். அப்டேட் ஆன முதல் ஓரிரு நாள் சார்ஜ் வேகமாக இறங்குவது சகஜம். வாட்ச் போனோடு மறுபடி சிங்க் ஆகும், செயற்கைக்கோள் இருப்பிடத் தரவைப் புதிதாக இறக்கிக்கொள்ளும், சில நேரம் வேலை முடியாமல் பின்னணியில் ஏதோ ஒன்று ஓடிக்கொண்டே இருக்கும். புதிதாகப் போட்ட வாட்ச் ஃபேஸ், அதிலும் நொடி முள் ஓடுகிற வகை, அதுவும் கணிசமாகத் தின்னும். பேட்டரி தேய்வது வேறு விதம்: மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். நேற்று வரை நன்றாக இருந்து அப்டேட் போட்ட மறுநாள் விழுந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது மென்பொருளைத்தான். ஆனால் பின்மூடி நிஜமாகவே தூக்கியிருந்தாலோ, சார்ஜ் போடும்போது வாட்ச் கொதித்தாலோ, கழற்றி வைத்துவிட்டு உடனே கம்பெனியின் சொந்த சென்டருக்குப் போங்கள், அதில் விளையாட வேண்டாம்.

சென்சார் விஷயத்திலும் அந்தக் கடை சொன்னது பொய். மணிக்கட்டு சென்சார் பச்சை ஒளியைத் தோலில் பாய்ச்சி, ரத்த ஓட்டத்துக்கு ஏற்ப மாறும் வெளிச்சத்தை வைத்துத் துடிப்பை எண்ணுகிறது. ஓடும்போது கை ஆட்டமும் கால் அடியின் அதிர்வும் அதில் கலக்கும், அந்தக் குழப்பத்தில் வாட்ச் துடிப்பை விட்டுவிட்டு அடிகளைப் பிடித்துக்கொள்ளும். நான் நிமிடத்துக்கு ஏறக்குறைய 175 அடி வைத்து ஓடுகிறவள். வாட்ச் காட்டியதும் அதே எண்! கணக்கிடும் முறையை அப்டேட் மாற்றும்போது இப்படி நேரலாம். உட்கார்ந்த நிலையில் விரலை வைத்து முப்பது நொடி நாடி எண்ணி இரண்டால் பெருக்கிப் பாருங்கள், வாட்ச் காட்டுவதோடு ஒத்துப்போனால் சென்சார் செத்துவிடவில்லை என்று நம்பலாம். ஓட்டத்தில் சரிபார்க்க மார்பில் கட்டும் ஸ்ட்ராப்தான் நல்லது, அது இதயத்தின் மின் துடிப்பையே அளக்கிறது. வாட்சை மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் மேலே இறுக்கிக் கட்டியபோது எனக்குப் பாதித் தொல்லை தீர்ந்தது.

இத்தோடு முடிந்திருந்தால் 4,800 ரூபாயோடு போயிருக்கும். மழையில் ஒரு நாள் ஓடிவிட்டு வந்து பார்த்தால் கண்ணாடிக்கு உள்ளே ஆவி படிந்திருந்தது. 5 ஏடிஎம் என்று போட்டிருக்கும் வாட்ச் அது, 50 மீட்டர் ஆழத்து நீர் அழுத்தத்தைத் தாங்கும் என்று அர்த்தம். ஆனால் அந்தக் காப்பு முழுக்க, தண்ணீர் புகாமல் தடுக்க உள்ளே இருக்கும் சீலை நம்பித்தான். ஒருமுறை பிரித்தால் புது சீல் போட்டு, அழுத்தச் சோதனை செய்துதான் மூட வேண்டும். கம்பெனியின் சொந்த சென்டருக்குக் கொண்டு போனபோது அவர்கள் பிரித்துக் காட்டியதைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது. உள்ளே இருந்தது அதே பழைய பேட்டரி. தொழிற்சாலையில் ஒட்டிய பசைகூடக் கலையவில்லை, உப்பலும் இல்லை. பிரித்திருக்கிறார்கள், எதையும் மாற்றாமல் கைக்கு வந்த பசையைத் தடவி மூடியிருக்கிறார்கள். வெளி ஆள் திறந்ததால் வாரண்டியும் போயிற்று. இத்தனையையும் எழுத்தில் கொடுங்கள் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன்.

கடையின் பில்லை அப்போதுதான் கவனமாகப் படித்தேன். பேட்டரி என்ற வார்த்தையே அதில் இல்லை, 'ஜெனரல் சர்வீஸ்' என்று மட்டும் இருக்கிறது. நீங்கள் எங்கே கொடுத்தாலும் என்ன மாற்றினார்கள் என்று பில்லில் எழுதச் சொல்லுங்கள், பழைய பாகத்தைத் திருப்பிக் கேட்பதாகக் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள், அங்கீகாரம் உண்மையா என்று கம்பெனியின் இணையதளத்தில் பாருங்கள், போர்டை நம்பாதீர்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்தேன். அதன் பிறகு கடையிலிருந்து போன் வந்தது: கூகுளில் எழுதிய விமர்சனத்தை எடுத்துவிட்டால் பாதிப் பணம் தருகிறார்களாம். முடியாது என்று சொல்லிவிட்டேன். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், கொடுத்த தொகை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். மனு தயாராகிக்கொண்டிருக்கிறது. இதே மாதிரி 'ஜெனரல் சர்வீஸ்' என்று மட்டும் எழுதிய பில் சென்னையில் வேறு யாரிடமாவது இருந்தால் தூக்கிப் போட்டுவிடாமல் எனக்குத் தனியாகச் செய்தி அனுப்புங்கள்.