அடாப்டிவ் குரூஸ் கண்ட்ரோல்: ஐந்து வருடம், 90,000 கிலோமீட்டர் ஓட்டிய பிறகு

வாரத்தில் இரண்டு நாளாவது விரைவுச்சாலையில் நெடுந்தூரம் ஓட்டுகிற வேலை எனக்கு. நாம் வைத்த வேகத்தில் காரைத் தானே ஓட்டி, முன்வண்டியை ரேடாரால் கவனித்து, நெருங்கினால் தானே வேகத்தைக் குறைத்து இடைவெளி காப்பதுதான் அடாப்டிவ் குரூஸ் கண்ட்ரோல். வலது கால் வலி குறையுமே என்றுதான் இந்த வசதியுள்ள காரை வாங்கினேன். வலி குறைந்தது உண்மை. அதைவிடப் பெரிய பலன், முன்வண்டிக்கு எவ்வளவு இடம் விட வேண்டும் என்பது என் கண்ணுக்குப் பழகிப்போனது.

100 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்குள் கிட்டத்தட்ட 28 மீட்டர் கடந்துவிடுகிறோம். மூன்று நொடி இடைவெளி என்றால் 83 மீட்டர். நானாக ஓட்டிய காலத்தில் இதில் பாதிகூட விட்டதில்லை. இப்போது இடைவெளியை எப்போதும் அதிகபட்சத்தில்தான் வைக்கிறேன். முதல் மாதம் எரிச்சலாக இருந்தது. யாராவது இடையில் நுழைவார்கள், கார் வேகத்தைக் குறைக்கும், மறுபடி ஒருவர் நுழைவார். கணக்குப் போட்டுப் பார்த்தேன்: பத்து பேர் நுழைந்தாலும் எனக்கு நஷ்டம் அரை நிமிடம்தான். அதோடு கோபம் போய்விட்டது.

வாங்கப்போகிறவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. வேகமாகப் போகும்போது, சாலையில் நின்றிருக்கும் வண்டியை இது கண்டுகொள்ளாமல் போகலாம். மேம்பாலம், வழிகாட்டிப் பலகை என ரேடாரில் படும் எல்லாவற்றுக்கும் பிரேக் போட்டால் வண்டியே ஓட்ட முடியாது. அதனால் பல கார்களில் அசையாத பொருட்களை வடிகட்டிவிடுகிறார்கள். கையேட்டில் இதை எழுதியும் இருக்கிறார்கள். நான் படிக்கவில்லை.

இரண்டாம் வருடம், எனக்கு முன்னால் போன வேன் சட்டென்று பக்கத்து லேனுக்கு விலகியது. அதற்கு முன்னால் பழுதாகி நின்ற லாரி. வழி காலியாகிவிட்டதென்று என் கார் வேகமெடுத்தது. முழு பலத்தோடு பிரேக்கை மிதித்தேன். லாரிக்கு ஒரு கார் நீளம் இருக்கும்போது நின்றது. பின்னால் வந்தவர் இடைவெளி விட்டு வந்ததால்தான் தப்பித்தேன். வெகு நேரம் கை நடுக்கம் நிற்கவில்லை.

அன்றிலிருந்து முன்வண்டி விலகினாலே என் கால் பிரேக்குக்குப் போய்விடும். முன்னால் பார்வையை மறைக்கும் உயரமான வண்டி வந்தால், இன்னும் பின்தங்கிக்கொள்வேன்.

கனமழையில் அணைத்துவிடுகிறேன். டயர் தண்ணீரில் மிதக்கத் தொடங்கினால் அதை முதலில் உணரவேண்டியது என் கால்தான். வளைவுகளில் சில சமயம் பக்கத்து லேன் லாரியைப் பார்த்துக் காரணமில்லாமல் பிரேக் போடும், அதையும் எதிர்பார்த்திருங்கள். காலுக்கு வேலை குறைவதால் தூக்கமும் சீக்கிரம் வருகிறது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தி இறங்கிவிடுவேன்.

அடுத்த காரிலும் இது கட்டாயம் வேண்டும் எனக்கு. ஆனால் இப்போது ஓட்டப் பழகும் மகளிடம், ஆறு மாதத்துக்கு அந்தப் பட்டனைத் தொடாதே என்று சொல்லியிருக்கிறேன். முன்வண்டி ஒரு கம்பத்தைத் தாண்டியதும் வாய்விட்டு எண்ணத் தொடங்குகிறாள். மூன்று முடிவதற்குள் நாங்கள் அந்தக் கம்பத்தை எட்டிவிட்டால், தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறாள்.