சாட்ஸ்வர்த்தில் உட்கார்ந்து யேல் வகுப்பு: 'லிஸனிங் டு மியூசிக்' இலவசப் பாடம் எப்படி?

யேல் பல்கலைக்கழகத்தின் 'ஓப்பன் யேல் கோர்ஸஸ்' தளத்தில் 'லிஸனிங் டு மியூசிக்' என்று ஒரு பாடம் இருக்கிறது. நடத்துபவர் பேராசிரியர் கிரெய்க் ரைட். 2008ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில், மாணவர்கள் எதிரே உட்கார்ந்திருக்க, அவர் எடுத்த வகுப்புகளை அப்படியே படம்பிடித்துப் போட்டிருக்கிறார்கள். மொத்தம் 23 வகுப்புகள், ஒவ்வொன்றும் முக்கால் மணி நேரம் சொச்சம். காசு கிடையாது. யூடியூபிலும் இருக்கிறது. சான்றிதழ் வேண்டும் என்பவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம், அது தரமாட்டார்கள்.

இசையை முக்கியப் பாடமாக எடுக்காத பிள்ளைகளுக்கான வகுப்பு இது. பொருளாதாரமோ உயிரியலோ படிப்பவர்கள் ஒரு பருவம் வந்து உட்கார்ந்து, மேற்கத்தியச் செவ்விசையை எப்படிக் கேட்பது என்று பழகிக்கொண்டு போவார்கள். வாத்தியம் வாசிக்கத் தெரியவேண்டாம், நொட்டேஷன், அதாவது எழுதிவைத்த இசைக்குறிப்பு, படிக்கத் தெரியவேண்டாம்.

எனக்கு இரண்டும் தெரியாது. பிறந்தது காரைக்குடிப் பக்கம், கல்யாணமாகி வந்தது தென்னாப்பிரிக்காவின் டர்பன், இருப்பது அங்கே சாட்ஸ்வர்த் பகுதியில், வேலை கணக்கு எழுதுவது. சின்ன வயதில் பாட்டு வகுப்புக்குப் போனதுண்டு, வர்ணத்துக்கு வருமுன் பள்ளிப் பரீட்சை என்று வீட்டில் நிறுத்திவிட்டார்கள். ஆகவே ஆதி தாளம் போடுவேன், சுருதி சேர்ந்திருக்கிறதா இல்லையா என்று சொல்வேன். சிம்பொனி என்றால் நிறைய வயலின் என்பதோடு என் அறிவு முடிந்தது. கிட்டத்தட்ட என்னைப் போன்றவர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். பியானோவில் கிரேடு தேர்வு எழுதியவர்களுக்கு இதில் புதிதாக அதிகம் இருக்காது.

முதல் இரண்டு வகுப்புகளும் அறிமுகம், வாத்தியங்கள் என்று போகின்றன. பிரெஞ்சு ஹார்னுக்கும் டிராம்போனுக்கும் என்ன வித்தியாசம் என்பது போன்ற சங்கதிகள். பரவாயில்லை. மூன்றும் நான்கும் தாளம். விரல் எண்ணித் தாளம் போட்டுப் பழகியவர்கள் இதில் பாதியைத் தாண்டிவிடலாம். அவர்கள் தாளம் பெரும்பாலும் இரண்டு இரண்டாகவோ மூன்று மூன்றாகவோ நடக்கிறது. நாலு, இரண்டு, இரண்டு என்று எட்டு எண்ணிக்கைக்கு ஒரு ஆவர்த்தனம் வைத்திருக்கும் நமக்கு அது வீட்டு முற்றத்தில் நடக்கிற மாதிரி. ஐந்தும் ஆறும் மெலடி. அதிலும் நமக்குப் பெரிய தடுமாற்றம் இருக்காது, ராகத்தில் ஊறிய காது எப்படியும் பிடித்துக்கொள்ளும்.

நமக்கு உண்மையிலேயே புதியது ஏழாம் வகுப்பிலிருந்துதான் வருகிறது. அதைத்தான் இந்தப் பாடத்தின் மொத்த மதிப்பு என்பேன். ஏழு ஹார்மனி, அதாவது சில ஸ்வரங்களை ஒரே நேரத்தில் சேர்த்து ஒலிக்கும் கார்ட் எப்படிக் கட்டுவது. எட்டு, பேஸ் வரிகள் (அடியில் ஓடும் கனத்த ஒலிகள்), ப்ளூஸ், ராக். நம் கச்சேரியில் பாட்டுக்குக் கீழே தம்புரா 'ச, ப' என்று அசையாமல் நிற்கும். மேலே பாடகர் எங்கே வேண்டுமானாலும் போய் வரலாம், தரை நகராது. மேற்கத்திய இசையில் தரையே நகர்கிறது. மேலே மெட்டு ஒரே ஸ்வரத்தில் நின்றாலும், கீழே பேஸ் ஒரு படி இறங்கினால் அதே ஸ்வரத்தின் குணம் மாறிவிடுகிறது. இது காதில் விழ ஆரம்பித்ததும் அந்த இசை வேறு மாதிரி ஆகிவிடும். அதற்கு முன் 'ஏதோ அழகாக இருக்கிறது, ஆனால் எல்லாம் ஒரே மாதிரி' என்று தோன்றியதற்குக் காரணம், நாம் மேலே ஓடும் மெட்டை மட்டும் கேட்டுக்கொண்டிருந்ததுதான்.

இந்த இடத்தில் முத்துசுவாமி தீட்சிதர் ஞாபகம் வந்தார். சென்னைக் கோட்டையில் கும்பெனிக்காரர்கள் வாசித்த மெட்டுகளைக் கேட்டு, அவற்றுக்குச் சமஸ்கிருதத்தில் சாகித்தியம் போட்டு நோட்டுஸ்வரங்கள் செய்தார் அல்லவா? 'சந்ததம் பாஹிமாம்' பிரிட்டிஷ் தேசிய கீதத்தின் மெட்டேதான். சிறுவயதில் அதை நாங்களும் பாடியிருக்கிறோம். இப்போது யோசித்தால், மெட்டு மட்டும்தான் நம் பக்கம் வந்திருக்கிறது, அதன் அடியில் நடந்த கார்ட்கள் கோட்டையிலேயே தங்கிவிட்டன. வயலின் வந்தது, கார்ட் வரவில்லை.

எட்டாம் வகுப்பு முடிந்ததும் ஒரு காரியம் செய்யுங்கள். ப்ளூஸ் பன்னிரண்டு பாரில், அதாவது பன்னிரண்டு தாளச் சுற்றில், மூன்றே கார்ட்களை வைத்துச் சுற்றும். நம் கணக்கில் ச, ம, ப ஆகியவற்றின் மேல் கட்டியவை. அந்தச் சூட்டோடு 'ம்பூபே' பாட்டைப் போட்டுக் கேளுங்கள். 1939-ல் ஜோஹன்னஸ்பர்க்கில் சாலமன் லிண்டாவும் அவருடைய ஈவினிங் பேர்ட்ஸ் குழுவும் பதிவு செய்தது. பிற்பாடு அமெரிக்கர்கள் கையில் 'தி லயன் ஸ்லீப்ஸ் டுநைட்' ஆன அதே பாட்டு. லிண்டா நம் மாகாணமான க்வாஸுலு-நடாலின் ம்ஸிங்கா பகுதிக்காரர். உச்சக் குரலில் அவர் பாடுவதை விட்டுவிட்டு, கீழே ஆண்கள் சேர்ந்து பாடுவதை மட்டும் கேட்டால் ச, ம, ச, ப என்று அந்தத் தரை நகர்வது துல்லியமாகத் தெரியும். ஒரு வாத்தியம் இல்லாமல் முழுக்கக் குரலிலேயே நிற்கும் இஸிகத்தமியா என்ற ஸுலு குழுப்பாட்டில் ஏன் அத்தனை பேஸ் குரல்களை நிறுத்துகிறார்கள் என்பதற்கும் அப்போது பதில் கிடைக்கும். இத்தனை வருடம் இந்த ஊரில் இருந்து, கடையிலும் கல்யாண மண்டபத்திலும் கேட்டுக்கொண்டிருந்த குரல்கள், யேல் இருக்கும் நியூ ஹேவனில் எடுத்த வகுப்பு வந்துதான் எனக்குப் பிரிந்து கேட்டன. ரைட் இந்தப் பாட்டைப் பற்றிப் பேசவில்லை, நான்தான் ஒட்டிக்கொண்டேன்.

அடுத்து ஒன்பது முதல் பதினொன்று வரை வடிவங்கள். சொனாட்டா வடிவம் என்று ஒன்று வரும், கொஞ்சம் வறட்சியாக ஆரம்பிக்கும், விட்டுவிடாதீர்கள். சாரம் இவ்வளவுதான்: ஒரு சுருதியில் தொடங்கி, இன்னொரு சுருதிக்குக் குடிபோய், நடுவில் அலைந்துவிட்டு, கடைசியில் பழைய சுருதிக்கே திரும்பி வருவது. பெரும்பாலும் குடிபோகும் இடம் 'ப'. அதாவது பழைய 'ப'வைப் புது 'ச' ஆக்கிக்கொள்கிறார்கள். மொசார்ட் 1787-ல் எழுதிய 'ஐனெ க்ளைனெ நாஹ்ட்மூசிக்'கின் முதல் பகுதியே இதற்குப் போதும். ஜி மேஜரில் ஆரம்பித்து டி மேஜருக்குப் போய், முடிவில் ஜி-க்கு வந்து உட்காருகிறது.

சரி, இப்போது நம் தென்னாப்பிரிக்க தேசிய கீதத்தைப் பாடிப் பாருங்கள். 1897-ல் இனோக் சொன்டொங்கா எழுதிய 'ந்கோஸி சிகெலெல்' ஒரு பாதி, வெள்ளையர் ஆட்சிக்காலத்துப் பழைய கீதமான 'டீ ஸ்டெம்' மறு பாதி. 1997-ல் இரண்டையும் சேர்த்துத் தைத்தார்கள். ஹோசா, ஸுலு, செசோத்தோ மொழிகளில் ஜி மேஜரில் போகிறது. ஆஃப்ரிகான்ஸ் வரி தொடங்கும் இடத்தில் டி மேஜருக்குத் தாவுகிறது, ஆங்கிலத்தில் அங்கேயே முடிந்தும்விடுகிறது. மொசார்ட் எடுத்த அதே இரண்டு சுருதிகள்! ஆனால் குடிபோனவர்கள் திரும்பி வரவில்லை. ரக்பி மைதானத்திலும் பள்ளிக்கூட அசெம்பிளியிலும் அந்த இடத்தில் கூட்டம் ஒரு நொடி தடுமாறி, மூச்சை இழுத்துக்கொண்டு மேலே ஏறுவது எல்லோருக்கும் தெரிந்ததுதான். வரி மறந்துபோகிறது என்று நினைத்திருந்தேன். காலடியில் சுருதியையே மாற்றிவிட்டால் யார்தான் தடுமாறமாட்டார்கள்?

'தீம் அண்ட் வேரியேஷன்ஸ்' நமக்கு உடனே பிடித்துப்போகும், சங்கதி போடுவதேதான். தியாகராஜர் 1767-ல் பிறந்தவர், பீத்தோவன் 1770. இரண்டு பேரும் ஒரே காலத்தில், ஒருவரைப் பற்றி மற்றவர் கேள்விப்படாமல், ஒரு வரியை எடுத்து எத்தனை விதமாக நகை பூட்டலாம் என்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். இதைப் பற்றி ஒரு தனி வகுப்பே எடுக்கலாம். யாராவது எடுத்தால் நான் காசு கட்டியே சேருவேன்.

பதினான்காம் வகுப்பு ஆஸ்டினாட்டோ, அதாவது ஒரே வரி மாறாமல் திரும்பத் திரும்ப வருவது. பர்செல், பாகெல்பெல், எல்டன் ஜான் என்று ஒரே மூச்சில் கட்டியிருக்கிறார். பாகெல்பெல்லின் கேனனில் எட்டு ஸ்வர பேஸ் வரி ஒன்று தொடக்கம் முதல் முடிவு வரை மாறாமல் 28 முறை வருகிறது. டர்பனின் ஃபீனிக்ஸிலும் சாட்ஸ்வர்த்திலும் மணப்பெண் நுழையும்போது கீபோர்டில் வாசிக்கிறார்களே, அதுதான். அடுத்த கல்யாணத்தில் பெண்ணின் புடவையை விட்டுவிட்டுக் கீபோர்டுக்காரரின் இடக்கையைக் கவனியுங்கள்.

இங்கே ஒரு நடைமுறைச் செய்தி. கைப்பேசி ஸ்பீக்கரில் இந்தப் பாடத்தைக் கேட்பது வீண். பேஸ் அதில் வருவதே இல்லை. குறைந்தபட்சம் ஒரு நல்ல இயர்ஃபோன் வேண்டும். எங்கள் ஊர் டாக்ஸிகளில் கோம் என்ற டர்பன் நடனப் பாட்டுக்குக் கண்ணாடி அதிர ஒரு பெட்டி வைத்திருப்பார்களே, அதில் பர்செல்லைப் போட்டால் அற்புதமாக இருக்கும், டிரைவர் சம்மதிக்க வேண்டுமே. டேட்டா விலையை நினைத்து வீடியோவுக்குப் பயப்படுபவர்களுக்குத் தளத்தில் எம்பி3 ஆகவும் இறக்கிக்கொள்ள வழி இருக்கிறது, எழுத்து வடிவமும் கிடைக்கிறது. தாளம், மெலடி, ஹார்மனி வகுப்புகளை மட்டும் வீடியோவில் பாருங்கள், பலகையும் பியானோவும் கண்ணில் பட்டால்தான் புரியும். மற்றதை ஹிகின்ஸன் ஹைவே நெரிசலில் காதால் கேட்டாலே போதும். நான் அப்படித்தான் முடித்தேன்.

பத்தொன்பதாம் வகுப்பை மட்டும் ஹாலில் பெரிய திரையில் போட்டேன். வெர்டியின் 'லா டிராவியாட்டா', 1853. மாமியார் இங்கேயே பிறந்து வளர்ந்தவர், தமிழ் படிக்கத் தெரியாது. தேவாரத்தை ஆங்கில எழுத்தில் அச்சடித்த புத்தகத்தைப் பார்த்து ஒரு எழுத்து பிசகாமல் பாடுவார். கோயில் திருவிழாக்களில் விடிய விடிய நடந்த 'சிக்ஸ் ஃபுட் டான்ஸை', அதாவது நம் தெருக்கூத்தை, சின்ன வயதில் பார்த்தவர். கதாநாயகிக்குக் காசநோய், இருந்தாலும் பாடிக்கொண்டே இருக்கிறாள் என்று விளக்கினேன். "அது அப்டித்தான் மா, கூத்துலயும் செத்துப்போறவன் முழுப் பாட்டும் பாடிட்டுத்தான் விழுவான்" என்றார். ஓப்ராவில் ஏன் இப்படி நம்பமுடியாமல் நடக்கிறது என்று கேட்கும் என் மகளுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. பொக்கெல்லி, பவரோட்டி, டொமிங்கோ என்ற பாடகர்கள் மூவரையும் ஒப்பிட்டுப் பேசும் இடத்தில் ஆயாவும் பேத்தியும் ஆளுக்கொரு கட்சியாகப் பிரிந்துவிட்டார்கள்.

குறைகளும் இருக்கின்றன. மாணவர்கள் சொல்லும் பதில் பல சமயம் மைக்கில் சரியாக விழுவதில்லை, அவர் என்ன கேட்டார், யார் என்ன சொன்னார்கள் என்று ஊகித்துக்கொள்ள வேண்டும். அவர் பேச்சு சில நேரம் கிளைவிட்டுப் போய், மணி அடிக்கப்போகிறது என்றதும் ஓடத் தொடங்கும். அவரே எழுதிய பாடநூல் மாணவர் கையில் இருக்கிறது என்ற நினைப்பில் நடத்துகிறார். அது இல்லாமலும் புரியும், ஆனால் அவ்வப்போது வாசலில் நிற்கிற உணர்வு வரும்.

அதைவிடப் பெரிய குறை, இருபதாம் நூற்றாண்டை நடத்திய விதம். பாக், மொசார்ட், பீத்தோவன் ஆகியோருக்குத் திரும்பத் திரும்ப இடம் இருக்கிறது. நவீன இசைக்கு 22ஆம் வகுப்பு ஒன்றுதான், அதிலும் பாதியை மாலர் எடுத்துக்கொள்கிறார். 23 முழுக்க மறுபார்வை. 1913-ல் பாரிஸில் ஸ்ட்ராவின்ஸ்கியின் இசைக்கு அரங்கமே கூச்சல் போட்டதே, அதற்குப் பிறகு இசை எங்கெல்லாம் போனது என்று தெரிந்துகொள்ள வேறு இடம்தான் பார்க்க வேண்டும். 23 வகுப்புத் தலைப்புகளில் செவ்விசைப் பெண் இசையமைப்பாளர் ஒருவர் பெயரும் இல்லை. ஆப்பிரிக்க இசைக்கோ நம் இசைக்கோ தனி வகுப்பும் இல்லை. பாடத்தின் பெயரில் மட்டும் உலகத்து இசை எல்லாம் அடங்கிவிடுகிறது. மேற்கத்திய இசைப் பாடம் என்று பெயரிலேயே சொல்லியிருந்தால் எனக்கு இந்தப் புகார் இருந்திருக்காது.

ஆனாலும் இலவசம் என்பதற்காக இதைப் பரிந்துரைக்கவில்லை. காசு கேட்டிருந்தாலும் ஏழு, எட்டு, ஒன்பது, பதினான்கு இந்த நான்கிற்காகவே கொடுத்திருப்பேன். வரிசையாகப் பார்க்கப் பொறுமை இல்லாதவர்கள் எட்டில் தொடங்கி, பிடித்தால் ஏழுக்குத் திரும்பிப் போய்விட்டு, பதினான்குக்குத் தாவுங்கள். ஃபியூக் பற்றிய பதின்மூன்றை அவசரமில்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒரே மெட்டு ஒன்றன் பின் ஒன்றாக நாலு குரலில் நுழையும்போது எதைப் பின்தொடர்வது என்று முதல் தடவை தலை சுற்றும். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் நேரே பத்தொன்பதுதான்.