வந்தால், வந்திருந்தால்: இஃப் வாக்கியத்துக்குக் கட்டமா, தமிழா?

ஆங்கில இஃப் வாக்கியத்தைப் பிடிக்க எங்கள் பக்கம் இரண்டு வழி உண்டு. ஒன்று, டைப் 1 (நடக்கக்கூடியது), டைப் 2 (நடக்காது என்று நினைப்பது), டைப் 3 (நடக்காமல் போனது) என்று கட்டம் போட்டு உருப்போடுவது. இன்னொன்று, அதையே தமிழில் எப்படிச் சொல்கிறோம் என்று பார்த்துவிட்டு அங்கிருந்து கிளம்புவது. மன்னார்குடிப் பக்கம் சாயங்கால டியூஷன் எடுக்கிறேன். இரண்டையும் பிள்ளைகளிடம் பார்த்தாயிற்று.

டைப் 1க்குக் கட்டமே வேண்டாம். 'ஆற்றில் தண்ணி வந்தால் நாற்று விடுவோம்' என்பதை ஆங்கிலத்தில் கேட்டால் 'இஃப் வாட்டர் வில் கம்' என்றுதான் முதலில் வரும். மேட்டூர் அணை திறப்பு ஜூன் 12, இன்னும் நாள் இருக்கிறது, அப்படியானால் வில் போட வேண்டாமா என்பது பிள்ளைகளின் கணக்கு. 'வருவால்' என்று நாம் யாராவது சொல்கிறோமா என்று கேட்பேன். சிரிப்பார்கள். எதிர்காலம் 'விடுவோம்' என்பதில் மட்டும்தான் இருக்கிறது. ஆங்கிலத்திலும் அப்படியே: 'இஃப் வாட்டர் கம்ஸ், வி வில் சோ'.

டைப் 3 எல்லோரையும் மிரட்டும். தமிழ் வழியில் பார்த்தால் அதுதான் சுலபம். 2024ல் மேட்டூரை ஜூலை 28ல்தான் திறந்தார்கள். போர்செட் இல்லாதவர்கள் புலம்பியது: 'ஜூன்லயே தண்ணி வந்திருந்தால் குறுவை நட்டிருப்போம்.' வந்திருந்தால் என்பது 'ஹேட் கம்', நட்டிருப்போம் என்பது 'வுட் ஹேவ் பிளான்டட்'. தண்ணி வரவில்லை, நடவும் இல்லை. அதைத் தனியாகச் சொல்ல வேண்டிய அவசியம் இரண்டு மொழியிலும் இல்லை. கட்டத்தை உருப்போட்ட பிள்ளைகள் இங்கேதான் 'இஃப் வுட் ஹேவ்' என்று இரண்டு பக்கமும் வுட் போட்டுவிடுகிறார்கள்.

தமிழ் காலைவாருவது டைப் 2ல். 'பக்கத்து வயல் விலைக்கு வந்தால் வாங்குவேன்.' வரும் போலிருக்கிறதா, இல்லை வெறும் ஆசையா? சொல்கிறவர் முகத்தைப் பார்த்தால்தான் தெரியும். ஆங்கிலம் வினைச்சொல்லிலேயே காட்டிக்கொடுத்துவிடும். நடக்கக்கூடியது என்றால் கம்ஸ், வில். நடக்காது என்று நினைத்தால் கேம், வுட். எனக்கே இது ஒரு இன்டர்வியூவில் பட்டுத்தான் புரிந்தது. ஊரிலிருந்து தினமும் வர முடியுமா என்றார்கள். 'இஃப் ஐ ஹேவ் எ பைக், ஐ வில் கம்' என்றேன். பைக் இல்லை, இருந்தால் வருவேன் என்று மனசில். கேட்டவரோ, திங்கட்கிழமைக்குள் பைக் வந்துவிடுமா என்று கேட்டார். 'ஹேட்', 'வுட்' என்று சொல்லியிருந்தால் அந்தக் கேள்வியே வந்திருக்காது.

இனி நடக்கவேண்டியதற்கு எதற்கு 'கேம்' என்ற பழைய காலம் என்று பிள்ளைகள் கேட்பார்கள். நம் 'வந்தால்' உள்ளேயும் 'வந்த' தானே இருக்கிறது, அது நேற்றையா சொல்கிறது? இதைக் காட்டியபிறகும் டைப் 2க்குக் கட்டத்தை உருப்போட வைக்கிறேன். வேறு வழி தெரியவில்லை.

இஃப் இல்லாத இடத்திலும் ஒரு குழி. 'கல்லணையை நேத்தே திறந்திருக்காங்க' என்று இயல்பாகச் சொல்வோம். நமக்கு இப்போதுதான் தெரியவந்தது என்று பொருள். அதை அப்படியே 'தே ஹேவ் ஓப்பன்ட் யெஸ்டர்டே' என்றால் தப்பு. நேற்று, போன வாரம், 2024 என்று முடிந்த காலத்தைச் சொல்லிவிட்டால் 'ஹேவ்' போய்விடும். 'தே ஓப்பன்ட் இட் யெஸ்டர்டே', அவ்வளவுதான். நாளைச் சொல்லாமல் 'தே ஹேவ் ஓப்பன்ட் இட்' என்றால் சரி.

பரீட்சையில் கோடிட்ட இடத்தை நிரப்பக் கட்டம்தான் வேகம், அதை மறுக்கவில்லை. வாய் திறந்து பேச வேண்டியவர்களுக்கு முதல் வாரம் முழுக்க 'வந்தால்', 'வந்திருந்தால்' இரண்டையும்தான் ஓட்டுகிறேன். கட்டம் அப்புறம், டைப் 2 வரும் அன்றைக்கு மட்டும் போர்டில் ஏறும்.