பெயர்ப்பலகை யார் கையில்? திறந்த மூல மென்பொருளும் வர்த்தகக் குறியும்

யாழ்ப்பாணத்துச் சனசமூக நிலையம் ஒன்றுக்குக் காணியை ஒருவர் எழுதிக் கொடுத்திருக்கலாம், கட்டடத்தை ஊரார் காசு சேர்த்துக் கட்டியிருக்கலாம். ஆனாலும் அதன் பெயரைத் தனக்கே உரியது என்று எவரும் எடுத்துச் செல்வதில்லை. திறந்த மூல மென்பொருளில் அது நடக்கக்கூடியது. நிரலை எவரும் திருத்திப் பகிர உரிமம் இடமளித்தாலும், பெயரும் சின்னமும் வர்த்தகக் குறிச் சட்டத்தின் கீழ் வேறாகவே நிற்கின்றன.

பெயரை நிறுவனம் வைத்திருந்தால் என்ன நேரும் என்பதற்கு ஆவணம், கணக்குத்தாள் போன்ற அலுவலக வேலைகளுக்கான ஓப்பன் ஒபிஸ் மென்பொருள் தெளிவான சான்று. 2010 இல் அதை வைத்திருந்த சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தை ஒரக்கிள் நிறுவனம் வாங்கியபோது அந்தப் பெயரும் அதனுடன் போய்ச் சேர்ந்தது. அதே ஆண்டு செப்டெம்பரில் பங்களிப்பாளர்கள் டொக்யூமென்ட் பவுண்டேசன் என்ற அறக்கட்டளையைத் தொடங்கி, பெயரைத் தருமாறு ஒரக்கிளைக் கேட்டார்கள். அது கிடைக்காததால், அதே நிரலிலிருந்து அவர்கள் தொடர்ந்து வளர்த்த மென்பொருளுக்குத் தற்காலிகமாகச் சூட்டிய லிப்ரே ஒபிஸ் என்ற பெயரே நிலைத்தது. 2011 இல் ஒரக்கிள் பழைய பெயரை திறந்த மூல மென்பொருள்களைப் பேணும் அப்பாச்சி அறக்கட்டளைக்குக் கொடுத்தது. 2014 இல் வெளிவந்த 4.1 ஆம் பதிப்பின் பின்னர் அங்கே சிறு திருத்தப் பதிப்புகளே வந்துள்ளன. உழைப்பு ஓரிடத்திலும் மக்கள் அறிந்த பெயர் வேறிடத்திலும் இருக்க, பழைய பெயரைத் தேடிப் போகும் பயனர் வளர்ச்சி குன்றிய மென்பொருளையே பதிவிறக்குகிறார். இந்த இழப்பை நான் சிறிதாக எண்ணவில்லை.

அறக்கட்டளையின் கையில் இருந்தால் மட்டும் போதுமா? போதாது. தீங்கான நிரலைச் சேர்த்து அதே பெயரில் பரப்புவோரைத் தடுக்கக் குறியின் மீது கட்டுப்பாடு வேண்டும் என்பது நியாயமே. ஆனால் சின்னத்தின் உரிமத்தையும் திருத்தங்களுக்கான ஒப்புதலையும் பற்றி பயர்பொக்ஸ் உலாவியின் பெயரை வைத்திருக்கும் மொஸில்லா அறக்கட்டளையுடன் எழுந்த பிணக்கினால், டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத் திட்டம் 2006 இல் தனது தொகுப்பில் அந்த உலாவியை ஐஸ்வீசல் என்று பெயர் மாற்றியது. பழைய பெயர் திரும்ப 2016 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இணையத்தளம் அமைக்கும் மென்பொருளான வேர்ட்பிரஸின் குறியை ஒட்டோமாட்டிக் நிறுவனம் 2010 இல் வேர்ட்பிரஸ் அறக்கட்டளைக்கு மாற்றியதாயினும், வணிகப் பயன்பாட்டுக்கான தனியுரிமம் அந்த நிறுவனத்திடமே இருந்தது. அதனைக் கொண்டு 2024 இல் வேர்ட்பிரஸ் தளங்களை வழங்கி நடத்தும் டபிள்யூபி என்ஜின் நிறுவனத்திடம், வருமானத்தில் 8 சதவீதத்தைக் கட்டணமாகவோ அதற்கு ஈடான ஊழியர் உழைப்பாகவோ ஒட்டோமாட்டிக் கேட்டது.

ஆகவே பெயர் எங்கே பதிவாகியிருக்கிறது என்பதைவிட, அதை வைத்திருப்போரை யார் தெரிவு செய்கிறார்கள் என்பதையே நான் முதலில் பார்ப்பேன். அந்த வகையில் லிப்ரே ஒபிஸின் ஏற்பாடே எனக்கு உகந்ததாகப் படுகிறது: தொடர்ந்து பங்களிப்பவர்கள் உறுப்புரிமை கோரலாம், உறுப்பினர்களே பணிப்பாளர் சபையை வாக்களித்துத் தெரிவு செய்கிறார்கள், மொழிபெயர்ப்பும் பங்களிப்பாகவே கொள்ளப்படுகிறது. யாழ்ப்பாணத்தில் இருந்தபடி அதன் இடைமுகத்தைத் தமிழாக்கி வருபவரும் அந்த வாக்கைக் கேட்டுப் பெறலாம்.