அறையிலே கத்தும் அலாரமா, பணியாளர் மேசையில் ஒலிக்கும் டிடெக்டரா?

கார்பன் மோனாக்சைடு என்பது எரிபொருள் சரியாக எரியாதபோது வரும், நிறமும் மணமும் இல்லாத நச்சு வாயு. முதியோர் இல்லத்துக்கு அதைக் கண்டறியும் டிடெக்டர் வாங்க இரண்டு வழி உண்டு. ஒன்று, பேட்டரியில் ஓடும் தனி அலாரம். மற்றொன்று, கட்டடத்தின் தீ எச்சரிக்கைகள் எல்லாம் வந்து சேரும் தீயணைப்பு அலாரம் பேனலோடு கம்பியில் இணைத்த டிடெக்டர்.

தனி அலாரத்துக்குச் செலவு குறைவு, இன்றைக்கே மாட்டிவிடலாம். ஆனால் சத்தம் கேட்டவர் எழுந்து வெளியே போய்விடுவார் என்ற நம்பிக்கையில்தான் அது நிற்கிறது. காது மந்தமானவர், படுத்த படுக்கையாக இருப்பவர், தூக்க மாத்திரை போட்டவர் என்ன செய்வார்? தலைவலி, குமட்டல், குழப்பம் ஆகிய, இந்த வாயு தாக்கியதன் முதல் அறிகுறிகளையும் ‘வயசாச்சு’ என்று சொல்லிக் கடந்துவிடுவோம். பேனலோடு இணைத்தால் இரவுப் பணியாளருக்கே எச்சரிக்கை போகும். எந்த இடம் என்றும் காட்டும். என் ஓட்டு இதற்குத்தான்.

எந்த உயரத்தில் மாட்டுவது என்ற சண்டை இரண்டுக்கும் பொது. இந்த வாயு காற்றைவிடச் சற்றே லேசானது (மூலக்கூறு எடை 28, காற்றுக்கு ஏறத்தாழ 29), அறை முழுக்கக் கலந்துவிடும். படுக்கையறையில் படுத்திருப்பவர் மூச்சுவிடும் உயரம் போதும். அலமாரிக்குப் பின்னால், திரைச்சீலைக்குள், குளியலறை நீராவியில் மாட்டுவதுதான் உண்மையான தவறு. பாய்லர் இருக்கும் அறையில் அதிலிருந்து 1 முதல் 3 மீட்டர் தள்ளி வையுங்கள்.

எதை வாங்கினாலும் ஒரு குறை இருக்கிறது. வீட்டு அலாரத்துக்கான ஐரோப்பியத் தரமான ஈஎன் 50291-இன்படி, 50 பிபிஎம் (காற்றின் பத்து லட்சம் பங்கில் 50 பங்கு) அளவில் 60 நிமிடத்துக்கு முன் அலாரம் ஒலிக்கக் கூடாது, 90-க்குள் ஒலிக்க வேண்டும். இதய நோயாளிக்கு அந்தக் காத்திருப்பே ஆபத்து. அதனால் குறைந்த அளவையும் எண்ணில் காட்டும் திரை உள்ளதாகப் பாருங்கள்.

அப்புறம் பராமரிப்பு. டெஸ்ட் பட்டன் ஒலியையும் மின்சுற்றையும்தான் சோதிக்கிறது, சென்சாரை அல்ல. சென்சாரின் ஆயுள் பெரும்பாலும் 5 முதல் 10 ஆண்டு. மாற்ற வேண்டிய தேதி பின்பக்கத்தில் இருக்கும். நாற்பது தனி அலாரத்தை ஒவ்வொன்றாகக் கழற்றித் தேதி பார்க்கும் பொறுமை யாருக்கு?

பொய் அலாரத்திலும் பேனலே வசதி. ஈய-அமில பேட்டரி உள்ள மின் சக்கர நாற்காலியை சார்ஜ் செய்தால் ஹைட்ரஜன் வெளியேறும். அதைக் கார்பன் மோனாக்சைடு என்று சென்சார் ஏமாந்து ஒலிக்கக்கூடும். தனி அலாரமாக இருந்தால், எரிச்சலில் யாரோ பேட்டரியைப் பிடுங்கிவிடுவார்கள். பேனலில் இடம் பதிவாகிவிடும். முதலில் அங்கிருப்பவர்களை வெளியேற்றி, வாயு அளவைப் பார்த்த பிறகே நாற்காலியைச் சந்தேகிக்கலாம்.

கம்பி இழுக்க வழியே இல்லாத பழைய கட்டடமா? ஒன்றோடொன்று வயர்லெஸ்ஸில் பேசும் தனி அலாரங்களை வாங்கி, அதில் ஒன்றைப் பணியாளர் அறையில் மாட்டிவிடுங்கள்.